வார்த்தெடுத்த கெல்ட்டியக் காசு

நண்பர்களே, பண்டைய ஐரோப்பிய இனக்குழுக்களான கெல்ட்டியர்களின் பொன், வெள்ளிக் காசுகள் சம்மட்டியால் அச்சடித்தவை. இன்று பேசப்போவது அவற்றைப் பற்றியல்ல, கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய பிரான்சின் கிழக்கிலும் இங்கிலாந்தின் கென்ட் பக்கத்திலும் புழங்கிய ‘பொட்டின்’ என்ற மலிவான காசைப் பற்றி. அதை வார்த்தார்கள்.

ஏன் அடிக்கவில்லை? பொட்டினில் செம்போடு சேர்ந்த வெள்ளீயம்தான் காரணம். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தால் 900-க்குக் கீழேயே உருகி, குழியெல்லாம் ஓடி நிறையும். கோயில் மணி வார்க்கிற வெண்கலமும் ஏறக்குறைய இதே கலவைதான். தட்டினால் கணீரென்கும்; ஆறிய பிறகு ஓங்கி அடித்தால் விரிசல் விடும்.

இரண்டு களிமண் பலகைகள். ஒவ்வொன்றிலும் வரிசையாகக் காசுக்குழிகள், குழிக்குக் குழி ஒரு குறுகலான வாய்க்கால். ஈரம் போகக் காயவைத்து, முகத்தோடு முகம் பொருத்தி, ஒரு முனையில் மூசையிலிருந்து (உலோகம் உருக்கும் கலம்) ஊற்றினால் காசுகள் சரமாக வரும். பிறகு ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டியதுதான். உலோகத்தின் முறியும் குணம் இங்கே மட்டும் கைகொடுக்கிறது. ஆகவே பொட்டின் கிடைத்தால் முகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் விளிம்பைப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு முறிந்த தழும்புகள் இருக்கும். ஒன்றுதான் என்றால், அது சரத்தின் கடைக்கோடிக் காசாக இருக்கலாம்.

கோளாறுகளும் விளிம்பிலும் முகத்திலும் தெரியும். பலகைகள் நழுவினால் இரு முகமும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அச்சில் ஈரம் தங்கினால் நீராவி கிளம்பி முகமெல்லாம் ஊசித்துளை. ஊற்றும்போது சூடு குறைந்துவிட்டால் உலோகம் கடைசிக் குழிக்குப் போய்ச் சேராது, அரைக்காசுதான்.

பொட்டின் உருவங்களுக்கு முன்மாதிரி, தென் பிரான்சின் மார்செய் நகரக் கிரேக்கர்களின் வெண்கலக் காசு: ஒருபுறம் அப்பல்லோ தெய்வத்தின் தலை, மறுபுறம் முட்ட வரும் காளை. கென்ட் காசில் தலை வெறும் வட்டமாகிவிட்டது, காளை சில நேர்கோடுகளாகிவிட்டது. கைத்திறன் குறைவு என்று இதைச் சொல்லிவிடுவது அவசரம் என்பேன். ஈரக் களிமண்ணில் குச்சியால் விரைந்து கீற வளைவைவிடக் கோடு எளிது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இங்கிலாந்தின் வெருலேமியம், ஓல்டு ஸ்லீஃபோர்டு போன்ற இடங்களில் குழிகள் நிறைந்த மண் தட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவை பொட்டின் அச்சுகள் அல்ல. குழிக்குள் நிறுத்துப் போட்ட பொன், வெள்ளித் துணுக்குகளை உருக்கி உருண்டையாக்குவார்கள். அந்த உருண்டையைத் தட்டித் தட்டையாக்கிய பிறகுதான் அச்சடிப்பு.