நிலா யாரோடு போகிறது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, முன்வரிசையில் கச்சான் கொறித்துக்கொண்டிருக்கும் சின்னவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"சிறுபிள்ளை பிழையாகச் சொன்னால் உடனே திருத்துவதா, ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்பதா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் எழும்பியதுமே "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்றார். நல்ல பழமொழி. ஆனால் ஐயா, கொப்பு எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்க்காமல் வளைத்தால் அது முறிந்துவிடும்.

நான் முன்பள்ளி ரீச்சர். ஒரு நாள் ஒரே மாதிரியான இரண்டு கிளாசில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். "ரெண்டும் சமன் ரீச்சர்" என்றார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரை ஒடுக்கமான போத்தலில் மாற்றினேன். "இப்ப இதிலதான் கூட!" ஏன் என்று கேட்டேன். "மேல வந்திட்டே!" எதிரணி நண்பர் அங்கே இருந்திருந்தால் சிவப்புப் பேனையை எடுத்திருப்பார். பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது: உயர்ந்தால் கூட. கிணற்றில் தண்ணீர் உயர்ந்தால் கூடத்தானே? அறுவடை முடிந்து நெல்மூட்டை அட்டி உயர்ந்தால் நெல் கூடத்தானே? பிள்ளை கண்ணால் பார்த்துத் தானே கண்டுபிடித்த விதிதான். அகலத்தையும் சேர்த்துப் பார்க்க இன்னும் இரண்டு மூன்று வருசம் வேண்டும்.

இந்தச் சோதனையை உலகுக்குத் தந்தவர் சுவிற்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. 1920ஆம் ஆண்டளவில் பாரிசில் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை நடத்தும் வேலை அவருக்கு. சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. மனிசன் பிழையான விடைகளுக்குள் போய் மாட்டிக்கொண்டார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரிப் பிழை விடுகிறார்களே, ஏன்? மிச்ச வாழ்நாளும் அதிலேயே போனது.

சரி, பியாஜே சொன்னதெல்லாம் வேதமா? இல்லை. 1970களில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சன், ஜேம்ஸ் மக்கரிகிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கினார்கள். பெரியவர் ஒரு வரிசையை நீட்டிவிட்டு "இப்போது சமனா?" என்று கேட்டால், நீண்டதில்தான் கூட என்று பல பிள்ளைகள் சொன்னார்கள். அதே குழப்படியை ஒரு கரடிப் பொம்மை தற்செயலாகச் செய்ததுபோலக் காட்டியபோது, நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் முன்னைவிட மிகக் கூடுதலானோர் "சமன்தான்" என்றார்கள்! பெரியவர் மினக்கெட்டு மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார் என்றால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை நினைக்கிறது.

இதற்கு எடின்பரோ வரை போகத் தேவையில்லை. இன்று இரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள். "மூண்டும் ரெண்டும் எத்தனை மகன்?" "அஞ்சு." "வடிவா யோசிச்சுச் சொல்லு." "ஆறு!" அந்தப் பிழையை விட்டது யார், நடுவர் அவர்களே?

எதிரணியினர் புலமைப்பரிசில் பரீட்சையையும் இழுத்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்கு நாலு வயதில் பயிற்சித்தாளா? அதைப் பற்றி இதற்கு மேல் கதைக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் வாகனத்துக்குக் குறுக்கே ஓடும் பிள்ளையிடம் "ஏன் ஓடுறாய்?" என்று விசாரிக்கச் சொல்லவில்லை. முதலில் இழுத்துப் பிடியுங்கள்.

அதே பாலத்தில், முழுநிலா வரும் ஒரு போயா இரவு, மோட்டார் சைக்கிளில் வந்த என் மாணவன் ஒருவன் அடுத்த நாள் சொன்னான்: "ரீச்சர், நிலா எங்களோடயே வந்திச்சு." ஜெனீவாப் பிள்ளைகளும் இதையேதான் பியாஜேயிடம் சொன்னார்கள். எதிரணியினர் உடனே "நிலா 384,000 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது" என்று பாடம் எடுத்திருப்பார்கள். நான் கேட்டேன்: "நீ ரவுணுக்கு வாறாய், உன்ர கூட்டாளி மற்றப் பக்கம் ஆரையம்பதிக்குப் போறான். நிலா யாரோட போகும்?"

நெடுநேரம் யோசித்தான். "என்னோடதான்." ஓடிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து அவனே வந்தான். "ரீச்சர், அவனிட்ட கேட்டன். அவனோடயும் போனதாம்." முகத்தில் அப்படி ஒரு குழப்பம். "மறுகா நானும் அவனும் ஒரே நேரத்தில நிண்டு பாக்கப் போறம்."

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. அடுத்த போயாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நன்றி, வணக்கம்.