மொண்ணை உளியும் பழைய நாற்காலியும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. உளியின் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நூறாண்டுப் பழமையுள்ள நாற்காலி ஒன்று பட்டறைக்கு வந்து சேர்ந்தால், பசையையும் வார்னிஷையும் தேடுவதற்கு முன்னால் என் கை தீட்டுக்கல்லைத் தேடும். மழுங்கிய கருவியோடு பழைய மரத்தை அணுகுபவர், அந்தக் கருவியால் முடியாத வேலையையெல்லாம் உப்புத்தாளைக் கொண்டு முடித்துவிடப் பார்ப்பார். பூச்சியும் ஈரமும் கெடுத்த சாமான்கள் என் பட்டறைக்கு நிறையவே வந்திருக்கின்றன; உப்புத்தாள் கெடுத்தவை அவற்றைவிட அதிகம்.

பழைய மரத்தின் நிறம் என்று நாம் வியந்து பார்ப்பது, பல பத்தாண்டுகளாக வெளிச்சமும் காற்றும் மனிதக் கைகளும் சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கிய மிக மெல்லிய ஒரு படலம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் கீழே தெரிவது புதிய மரத்தின் வெளிறிய முகம். எந்தச் சாயத்தைப் பூசினாலும் அந்தப் பழைய முகம் திரும்புவதில்லை. வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகட்டை மட்ட மரத்தின்மேல் ஒட்டிய சாமானாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கையால் அறுத்த பழைய வெனீர் ஓரளவு தடிமனாக இருக்கும். இயந்திரத்தில் சீவியதோ பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இராது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறு மேசையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே போய், அடியிலிருந்த மட்ட மரம் வெளுத்துத் தெரிந்த பிறகுதான் கையை நிறுத்தினேன். அந்த விளிம்புக்கு ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரி, பொருந்தும் ஒரு துண்டைத் தேடி ஒட்டுவதற்கு, மேசை முழுவதற்கும் ஆன வேலையைவிட அதிக நாட்கள் பிடித்தன.

கைவைக்கும் முன்பு சாமானைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேற்பகுதியில் பிறர் ஏமாற்றலாம். அடிப்பகுதி பெரும்பாலும் உண்மை பேசும். இழுப்பறையின் அடிப்பலகையில் ரம்பத் தடங்கள் நேர்கோடுகளாகவும் சற்றே ஒழுங்கற்றும் இருந்தால், அது கையால் அறுக்கப்பட்ட பலகையாக இருக்க வாய்ப்பு மிகுதி. வில்போல வளைந்திருந்தால் வட்ட ரம்பம் அறுத்தது. மூலைகளில், புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கோத்துச் செய்த புறாவால் பொருத்துகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டிருந்தால் அது கைவேலை. தலையில் கூட்டல் குறி வெட்டிய திருகாணி எங்காவது தென்பட்டால், அந்தத் திருகாணி 1930களுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. சாமான் பழையதாகவே இருக்கலாம், யாரோ பின்னர் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். வட்ட மேசையாக இருந்தால், அளவுநாடாவை ரேகையோடு ஒருமுறையும் ரேகைக்குக் குறுக்கே ஒருமுறையும் வைத்துப் பாருங்கள். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்குவாட்டில் நன்றாகவே சுருங்குகிறது. ஆகவே உண்மையிலேயே பழைய வட்ட மேசை சற்று நீள்வட்டமாகியிருக்கும்.

பசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன. பழைய தச்சர்கள் வச்சிரத்தையே பயன்படுத்தினார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த மற்றொரு பாத்திரத்தில் சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். இதன் அருமை பிடிப்பில் மட்டும் இல்லை, விடுவதிலும் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரையும் ஆவியையும் காட்டினால் பொருத்து இளகும். ஊசிக்குழலால் ஸ்பிரிட்டைச் செலுத்தினால் பசை நீரிழந்து நொறுங்கும். மரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்தும் அது நுழையும் துளையும் சேதமில்லாமல் பிரிந்து வரும். பழைய வச்சிரத்தின் மீதே புதிய வச்சிரம் ஒட்டும் என்பது இன்னொரு வசதி.

வெள்ளைப் பசைக்கு இந்தக் குணங்கள் இல்லை. அது மரத்துக்குள் ஊறிக் காய்ந்த இடத்தில் வேறெந்தப் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை. என் தொடக்க நாட்களில் ஆட்டம் கண்ட ஒரு நாற்காலிக் காலை வெள்ளைப் பசையால் இறுக்கி அனுப்பினேன். சில ஆண்டுகளில் அது மறுபடியும் கழன்று என்னிடமே வந்தது. பழைய பசையைச் சுரண்டியபோது மரமும் கூடவே வந்தது; கழுந்து இளைத்துப்போனதால் அதன் கன்னங்களில் மெல்லிய சில்லுகளை ஒட்டித் தடிப்பாக்க நேர்ந்தது. புதிதாகச் செய்யும் அலமாரிக்கு வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பழைய சாமானை நமக்குப் பின்னால் இன்னொருவர் பிரிக்க வேண்டிவரும் என்பதை நினைத்துப் பசையைத் தேர்ந்தெடுங்கள்.

மேற்பூச்சையும் இதே முறையில் விசாரிக்கலாம். கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு துளி ஸ்பிரிட்டை வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அப்படியானால் முழுவதையும் உரிக்கவே வேண்டாம், ஸ்பிரிட்டில் கரைத்த புதிய அரக்கு பழையதோடு உருகிக் கலந்துவிடும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கராக இருக்கலாம். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் போன்ற ஒன்று. அதற்கும் முன்னால், ஈரம் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பாலிஷ் கறுத்துவிட்டது என்று கொண்டுவரப்படும் பல சாமான்களில் கறுத்திருப்பது அழுக்குத்தான். பழைய பெயிண்டாக இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது.

இனி உளிக்கு வருகிறேன். கூர் என்பது இரண்டு சமதளங்கள் சந்திக்கும் கோடு. ஒரு தளத்தை மட்டும் தீட்டிவிட்டு மறுதளத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. உளியின் தட்டையான முதுகை, வாயை ஒட்டிய இரண்டு விரற்கடை அளவுக்காவது கண்ணாடிபோல் சமமாக்க வேண்டும். ஓர் உளிக்கு இந்த வேலையை வாழ்நாளில் ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் போதும். சரிவை 25 பாகையில் அமைத்து, நுனியில் மட்டும் 30 பாகையில் ஒரு சிறு சரிவு கொடுத்தால், அடுத்தடுத்த தீட்டல்களுக்குச் சில நிமிடங்களே ஆகும். 1000 எண் கல்லில் தொடங்கி, முதுகுப்பக்கம் முழு நீளத்துக்கும் பிசிர், அதாவது மடிந்து நிற்கும் மெல்லிய உலோக விளிம்பு, எழுவதை விரலால் உணர்ந்த பிறகே அதைவிட நுண்ணிய 4000க்கும் 8000க்கும் போக வேண்டும். பிசிர் எழாமல் அடுத்த கல்லுக்குத் தாவுபவர் மழுங்கிய வாயை மெருகேற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கல்லும் நடுவில் குழிந்துகொண்டே வரும். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்துக் கல்லை அதன்மேல் தேய்த்துச் சமன்செய்யலாம். உப்புத்தாளை இவ்வளவு திட்டிய நான், இந்த ஒரு வேலைக்கு அதை மனமார வைத்திருக்கிறேன்.

வாய் உடைந்த உளியைச் சாணைச் சக்கரத்தில் பிடிப்பவர்கள் நிறத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கரிம எஃகு சுமார் 300 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது நீலம் பாரிக்கும். அந்த இடத்தில் அதன் கடினம் போய்விட்டது, அந்தப் பகுதி தேயும்வரை கூர் நிற்காது. சக்கரத்தில் தொடுவதும் நீரில் நனைப்பதும் மாறிமாறி நடக்கட்டும். தீட்டி முடித்ததும், மென்மரத் துண்டின் வெட்டுமுனையில் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் கூர் சரி. நார்கள் நசுங்கி வெளிறித் தெரிந்தால் மீண்டும் கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

இழைப்புளியில் வாய்த்தகட்டுக்கு மேல் ஒரு மூடித்தகடு இருக்கும். அதன் விளிம்பை வாயிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குக் கொண்டுவந்தால், ரேகை முறுக்கிய பழைய மரம்கூடப் பிய்யாமல் சீவப்படும். இன்று நாம் காணும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை, 19ஆம் நூற்றாண்டில் லியோனார்டு பெய்லி என்ற அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர் வகுத்த அமைப்பைப் பின்பற்றுபவை. ஆகவே பழையதொன்று துருவேறிக் கிடைத்தாலும் அதை எழுப்பிவிடலாம். சிவப்புத் துருவை வினிகரில் ஊறவைத்து நீக்கி, கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவினால் போதும். கருத்துப் படிந்த பழைய நிறத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது, மேசையை உப்புத்தாளால் தேய்ப்பதற்கு உடன்பிறப்பான செயல்.

பூச்சித் துளைகளைக் கண்டு பதறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. துளை இருப்பதாலேயே பூச்சி இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். சாமானைக் கறுப்புத் தாளின்மேல் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். புதிதாக வெளிறிய தூள் உதிர்ந்தால்தான் உள்ளே வேலை நடக்கிறது. அதுவரை அதை மற்றச் சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

கடைசியாக, எண்ணெய்த் துணி. ஆளி விதை எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தை வெளிவிடுகிறது. துணி கசங்கிச் சுருண்டு கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்புப்பொறி எதுவும் இல்லாமலே துணி தீப்பற்றக்கூடும். அதனால் மாலையில் உளிகளைத் துடைத்து எண்ணெயிட்டு அடுக்கியதும், அன்றைய துணிகளைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்திவிட்டே பட்டறையைப் பூட்டுகிறேன். வணக்கம்.