ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பிறகு

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதிரில் நின்று நான் சுகாதாரம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு நோயாளியின் மகன், அவ்வளவுதான்.

என் அப்பா கடைசி ஐந்து மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். புற்றுநோய். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் எழுதும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி ஒண்ணும் செய்யறதுக்கு இல்லப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது, செய்ய வேண்டியது மலைபோலக் கிடக்கிறது என்று. படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. முதுகில் புண் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். புண்ணின் வாடைக்குப் பயந்து சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பினார்கள். அப்பாவுக்கு அது புரிந்தது. வலியைவிட அதுதான் அவரைத் தின்றது.

மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவினால் அந்த வாடை அடங்கும் என்று பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற, சில ரூபாய் மாத்திரை. அன்றைக்கு எங்கள் தெருவில் அது தெரிந்த ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும், சித்தப்பா உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்.

அப்படித் தெருவுக்கு ஒரு ஆளை உண்டாக்க முடியுமா? கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள்.

கதை 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்குகிறது. மயக்க மருந்து நிபுணர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார், இன்னும் சில நண்பர்கள் சேர்ந்து வலி தணிப்புச் சிகிச்சைக்காக, அதாவது தீராத நோயுள்ளவரின் வலியையும் அவதியையும் குறைப்பதற்காக, ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் நடந்த ஒன்றை ராஜகோபால் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நாக்கில் புற்றுநோய் வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு வலியைக் கடத்தும் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு வலியை நிறுத்திவிட்டார். டாக்டருக்குப் பெருமை. அடுத்து எப்போது வரவேண்டும் என்று நோயாளி கேட்க, இனி வர வேண்டியதில்லை என்றார். வலிதான் போய்விட்டதே என்ற நினைப்பில் சொன்னது. நோயாளி அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். தன் நோய் தீராது என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். வலி போயிருந்தது, மனிதரைத்தான் யாரும் பார்க்கவில்லை.

சரி, மனிதரை யார் பார்ப்பது? ஒரு டாக்டரால் ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏற முடியும்? ஆகவே 1999 வாக்கில் மலப்புறத்தில் வேலையை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தார்கள். 'அயல்பக்க வலையமைப்பு' என்று தமிழில் சொல்லலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கத் தயாராக இருப்பவர் யாரும் வரலாம். ஆட்டோ ஓட்டுபவர், வாத்தியார், மாணவர், வீட்டுப் பெண்கள், யாராக இருந்தாலும் சரி. 16 மணி நேர வகுப்பு, அப்புறம் நர்ஸோடு நான்கு நாள் வீடு வீடாகப் போய்வருவது. வகுப்பில் முதலில் சொல்லித்தருவது பேசாமல் இருப்பதை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாமல், அவர் சொல்வதைக் கேட்பது. நம் ஊரில் இதுதான் ரொம்பக் கஷ்டம் என்று நினைக்கிறேன்!

இந்த வேலைக்கான பணம் ஊர்க்காசாகத்தான் வந்தது, கடைக்காரர் போடும் பத்து ரூபாய் உட்பட. நோயாளியின் வீட்டுக்குப் போனால் நோய் மட்டுமா இருக்கிறது? அரிசி இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கு வழியில்லை. அதையும் தொண்டர்கள்தான் பார்த்தார்கள். வசதியுள்ளவர் வீட்டில் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்வார்; கூலிக்குப் போகிறவர் மனைவியைப் பார்ப்பாரா, வேலைக்குப் போவாரா? சுகாதாரத்தில் ஏற்றத்தாழ்வு என்று நாம் பெரிதாகப் பேசுவது கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

தொண்டர்களே போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முற்றிய புற்றுநோய் வலி கைபிடித்து உட்கார்ந்தால் தீராது. அதற்கு மார்ஃபின் வேண்டும். மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு அப்புறம் அடுக்கடுக்காக உரிமம் வாங்க வேண்டிய நிலை. சின்னத் தவறுக்கும் கடும் தண்டனை. ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வைத்திருக்கவே பயந்தன. விளைகிற நாட்டில் நோயாளி துடித்தார். அந்தச் சட்டத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களில் ராஜகோபால் முக்கியமானவர். 2014இல்தான் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. இது ஆட்டோக்காரரால் முடிகிற வேலை இல்லை. டாக்டரும் வக்கீலும் செய்ய வேண்டியது. அதேபோல, ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி "இன்னிக்குச் சாப்பிட்டாரா?" என்று கேட்பது டாக்டரால் முடிகிற வேலை இல்லை.

நடுவில் நிற்பவர் நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வீட்டாருக்குச் சொல்லித்தருவது எல்லாம் அவர்தான். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது, இந்தியாவில் முதல் மாநிலமாக. பஞ்சாயத்துகள் சம்பளம் கொடுத்து நர்ஸ் வைத்தன. சம்பளம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். சேவை சேவை என்று பெண்களிடம் இலவசமாக வேலை வாங்குவது நமக்குக் கைவந்த கலை.

"அது கேரளா, இங்கே நடக்காது" என்று யாராவது சொல்வீர்கள். அங்கே இருக்கிற கட்சிக் கிளையும் நூலகமும் கோயில், பள்ளிவாசல் கமிட்டியும் இங்கே இல்லையா? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து மகளிர் குழுப் பெண்கள் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வலி தணிப்பு நர்ஸும் வீட்டுக்கு வருகிறார். ஆனால் அத்தனை ஊரையும் சுற்ற வேண்டியவர் ஒரே வீட்டுக்கு எத்தனை தடவை வர முடியும்? மிச்ச நாட்களில் யார் போவது?

அதற்குத்தான் பின்னால் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், வீட்டில் கேட்காமல் எழுதக் கூடாது. எண்ணிக்கையும் தெருவும் போதும். வாரம் இரண்டு மணி நேரம் வர முடிகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் தங்கள் நம்பரை எழுதலாம். பேனா ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்.