எமிலியா ஏன் சொல்லவில்லை?

அவையோருக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இயாகோவிடம்தான் போய் நிற்பார்கள். தளபதி ஒதெல்லோவின் கீழ் பணிபுரியும் அவன், ஒரு கைக்குட்டையைச் சான்றாக்கி, மனைவி டெஸ்டிமோனா துரோகம் செய்கிறாள் என்று ஒதெல்லோவை நம்பவைத்து அவளைக் கொல்லச் செய்கிறவன். நான் இன்று அவன் மனைவி எமிலியாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. இடம் சைப்ரஸ் தீவு. தலை வலிக்கிறது என்கிறான் ஒதெல்லோ. டெஸ்டிமோனா தன் கைக்குட்டையால் அவன் நெற்றியைக் கட்டப் பார்க்கிறாள். ‘இது மிகச் சிறியது’ என்று அவன் விலக்க, அது கீழே விழுகிறது. இருவரும் போய்விடுகிறார்கள். டெஸ்டிமோனாவின் தோழியாக இருக்கும் எமிலியா அதை எடுக்கிறாள்.

எடுத்தவுடன் அவள் தனக்குள் பேசிக்கொள்வதை நிதானமாகப் படியுங்கள். அது ஒதெல்லோ கொடுத்த முதல் பரிசு என்று அவளுக்குத் தெரியும். டெஸ்டிமோனா அதை முத்தமிடுவதும் அதனோடு பேசுவதும் தெரியும். அதைத் திருடித் தரும்படி கணவன் நூறு முறை கெஞ்சியிருக்கிறான். இத்தனை நாளும் அவள் திருடவில்லை. இப்போதும் அவள் சொல்வது, இதன் பூவேலையைப் படியெடுக்கச் செய்து இயாகோவுக்குக் கொடுப்பேன் என்பதுதான். கொடுக்கப்போவது மூலமா, பிரதியா என்று அந்த வரி பிரித்துச் சொல்லவில்லை. தலைவியும் இழக்கக் கூடாது, கணவன் மனமும் குளிர வேண்டும் என்று அவள் வழி தேடுகிறாள் என்பதே என் வாசிப்பு.

அந்த நேரம் பார்த்து இயாகோ வருகிறான். ‘இங்கே தனியாக என்ன செய்கிறாய்?’ என்ற அதட்டல்தான் முதல் பேச்சு. ‘கடிந்துகொள்ளாதீர்கள், உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன்’ என்கிறாள். அதற்கும் ஒரு கொச்சையான கேலி. அதையும் விழுங்கிக்கொண்டு, ‘அந்தக் கைக்குட்டைக்கு இப்போது எனக்கு என்ன தருவீர்கள்?’ என்று கேட்கிறாளே, அந்தக் கேள்வியைக் கடந்து போக என்னால் முடிந்ததில்லை. அவள் பணம் கேட்கவில்லை. கணவன் வாயிலிருந்து ஓர் இன்சொல் வராதா என்ற ஏக்கம் அது. ‘நல்ல பெண்’ என்கிறான். அவ்வளவுதான் கூலி. கைக்குட்டை கைமாறிவிட்டது. எதற்கு இது என்று கேட்டால், ‘உனக்கென்ன?’ என்கிறான். முக்கியமான காரணம் இல்லையென்றால் திருப்பித் தாருங்கள், பாவம், காணாமல் தவித்துப்போவாள் என்று அவள் மன்றாடுகிறாள். ‘உனக்கு ஒன்றும் தெரியாதது போல் இரு’ என்று கட்டளையிட்டு அனுப்பிவிடுகிறான்.

இந்தக் கதையை ஷேக்ஸ்பியர் இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோ 1565இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து எடுத்தார். அங்கே கைக்குட்டையைத் திருடுகிறவன் கணவனே. தன் சிறு மகளை டெஸ்டிமோனா கொஞ்சிக்கொண்டிருக்கும்போது திருடுகிறான். மனைவிக்குச் சதி முழுவதும் தெரியும், பயத்தால் வாய் திறப்பதில்லை. ஷேக்ஸ்பியர் குழந்தையை நீக்கினார், கைக்குட்டையை மனைவியின் கையில் வைத்தார், சதியை அவளுக்கு மறைத்தார். பயம் மட்டுமே காரணமாக இருந்த இடத்தில் ஒரு முழு மனம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த காட்சிதான் எனக்கு முக்கியம். ‘கைக்குட்டையை எங்கே தொலைத்திருப்பேன், எமிலியா?’ என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். ‘எனக்குத் தெரியாது, அம்மா.’ சற்று நேரத்தில் ஒதெல்லோ வந்து ‘கைக்குட்டை! கைக்குட்டை!’ என்று கொதிக்கிறான். எமிலியா அங்கேயே நிற்கிறாள். அவன் போனதும், ‘இவர் சந்தேகப் பேர்வழி இல்லையா?’ என்று கேட்கிறாள். பிறகு ஆண்களைப் பற்றிக் கசந்து பேசுகிறாள்: அவர்கள் வயிறு, நாம் உணவு, பசிக்குத் தின்பார்கள், நிறைந்ததும் உமிழ்வார்கள் என்று.

அந்த வார்த்தைகள் உண்மையானவை, பட்டுத் தெரிந்தவை. ஆனால் அவற்றையே அவள் ஒளிவிடமாகவும் ஆக்கிக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன். எல்லா ஆண்களும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டால், தன் வீட்டு ஆண் கைக்குட்டையை எதற்கு வாங்கினான் என்று யோசிக்க வேண்டியதில்லை. நான்காம் அங்கத்திலும் இதுவே நடக்கிறது. ஏதோ ஓர் அயோக்கியன் பதவிக்காக இந்த அவதூறைக் கட்டியிருக்கிறான் என்று சரியாகவே ஊகிக்கிறாள், இயாகோவை எதிரில் வைத்துக்கொண்டே.

கடைசிக் காட்சியில், டெஸ்டிமோனா கொலையுண்டபின், எமிலியாவின் வாயிலிருந்தே அந்த ஒப்புதல் வருகிறது: ‘அப்போதே நினைத்தேன்.’ ஒதெல்லோ கைக்குட்டையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே வரும் சொல் இது. எப்போது, எதை நினைத்தாள் என்று அவள் விளக்கவில்லை. நடிகை இந்த வரியை அவசரமாகச் சொல்லிக் கடந்தால் எமிலியா வெறும் ஏமாளியாகிவிடுவாள். நின்று சொல்ல வேண்டும்.

அதன் பிறகு அவளை யாராலும் அடக்க முடியவில்லை. கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது இல்லை என்கிறாள். ‘ஒருவேளை, இயாகோ, நான் இனி வீட்டுக்கு வரவே மாட்டேன்’ என்கிறாள். ஓர் இன்சொல்லுக்காகக் கைக்குட்டையைக் கொடுத்தவள், வாளை உருவிக்கொண்டு கணவன் நிற்கையில், அதைத் தானே கண்டெடுத்துத் தானே கொடுத்ததாகச் சொல்லிவிடுகிறாள். அவன் குத்துகிறான்.

‘என்னை என் தலைவியின் பக்கத்தில் கிடத்துங்கள்’ என்று கேட்கிறாள். கிடத்தினார்களா என்று வசனம் சொல்லவில்லை. அது இயக்குநரின் கையில் இருக்கிறது. அவளைத் தரையிலேயே விட்டுவிடும் மேடையாக்கத்தை என்னால் ஏற்க முடியாது. டெஸ்டிமோனா கிடக்கும் அந்தக் கட்டிலில் அவளுக்கு இடம் கொடுக்க வேண்டும்.