மறைத்த சான்றும் அழிந்த சான்றும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அரசுத் தரப்பு சான்றை மறைத்தாலோ அழித்தாலோ தண்டனை ரத்தாக வேண்டும் என்பது எங்கள் அணி. "ஒரு காகிதம் விட்டுப்போனதற்காகக் குற்றவாளியை வெளியே விடுவதா?" என்று எதிரணித் தோழர் கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அந்தக் காகிதத்தைப் பற்றியே பேசுகிறேன்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், 1985. ஜான் தாம்சன் மீது வழிப்பறி வழக்கு ஒன்று, கொலை வழக்கு ஒன்று. வழிப்பறி செய்தவனின் ரத்தம், பறிகொடுத்தவரின் கால்சட்டையில் பட்டிருந்தது. அது 'பி' வகை என்று ஆய்வகம் அரசு வழக்கறிஞர்களுக்கு அறிக்கை கொடுத்தது. தாம்சனுடையது 'ஓ' வகை. அறிக்கையை அவர் தரப்புக்கு யாரும் காட்டவில்லை. வழிப்பறி வழக்கில் தண்டனை விழுந்தது. அந்தத் தண்டனையைச் சொல்லியே மடக்குவார்கள் என்று கொலை வழக்கில் அவர் கூண்டேறி வாய் திறக்கவே இல்லை. மரண தண்டனை!

அறிக்கையை மறைத்த வழக்கறிஞர் ஒருவர், புற்றுநோயில் சாகப்போகிறோம் என்று தெரிந்ததும், 1994-இல் நண்பரிடம் உண்மையைச் சொன்னார். அந்த நண்பரும் முன்னாள் அரசு வழக்கறிஞர்தான். ஐந்து வருடம் அவர் வெளியே சொல்லவில்லை. 1999-இல், மரண தண்டனைக்குக் குறித்த நாளுக்குச் சில வாரமே இருக்கும்போது, தாம்சன் தரப்புப் புலனாய்வாளர் அந்த அறிக்கையைக் கண்டெடுத்தார். 2003-இல் கொலை வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. ஜூரி 35 நிமிடத்தில் 'குற்றவாளி இல்லை' என்றது. அதற்குள் 18 ஆண்டு சிறையில் போய்விட்டது.

தோழர் கவனிக்க வேண்டும்: தண்டனை ரத்தானதும் நடந்தது மறுவிசாரணை. யாரையும் சும்மா அனுப்பிவிடவில்லை.

சரி, அழிந்த சான்றுக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியமான சான்றை அரசுத் தரப்பு மறைத்தால் நல்லெண்ணமா கெட்ட எண்ணமா என்பது பேச்சே இல்லை என்று 1963-இல் பிரேடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 1988-இல், போலீஸ் பாதுகாக்கத் தவறிய சான்று என்றால், கெட்ட எண்ணத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் காட்ட வேண்டும் என்றுவிட்டது. அது, ஒரு சிறுவனைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட, அரிசோனாவைச் சேர்ந்த லாரி யங்பிளட்டின் வழக்கு. அந்தச் சிறுவனின் உடைகளைப் போலீஸ் குளிர்பதனத்தில் வைக்காததால் தடயம் கெட்டுப்போனது. தண்டனை நிலைத்தது. 2000-இல், மிச்சமிருந்த மாதிரியில் செய்த டி.என்.ஏ. சோதனை, குற்றவாளி அவர் இல்லை என்று காட்டியது.

சிறைக்குள் இருப்பவர் போலீஸ்காரரின் மனசுக்குள் புகுந்து எப்படிக் கெட்ட எண்ணத்தைக் காட்டுவார், நடுவர் அவர்களே? பொருள் அரசின் கையில் இருந்தது. அது போனதால் பாதகம் இல்லை என்று அரசே நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் தண்டனையை ரத்து செய்யுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.