தோட்டத்தில் ஓடியது எலிதானா?

நேயர்களுக்கு வணக்கம். தோட்டத்தில் ஏதாவது குறுக்கே ஓடினால் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "ஐயோ, எலி!" அப்புறம் பூச்சி மருந்துக்காரருக்குப் போன். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மூக்கைப் பாருங்கள்.

மூக்கு கீழுதட்டையும் தாண்டி நீண்டு, கண் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குச் சிறுத்து, அடிப்பகுதி தடித்த வாலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீட்டு முடி இருந்தால் அது மூஞ்சூறு. பிள்ளையார் வாகனம் என்று நாம் கும்பிடும் அதே ஆள்தான். எலி இனமே அல்ல. கரப்பான்பூச்சி, மண்புழு என்று பிடித்துத் தின்னும். சுவரை ஒட்டியே ஓடும். சில்லறையைக் குலுக்கினாற்போலக் கீச்சிடும். அதன் வாடை இருக்கிறதே, பூனைகூடக் கொன்றுவிட்டுத் தின்னாமல் போய்விடும்! குட்டிகளை இடம் மாற்றும்போது தாயின் வாலடியை ஒன்று கவ்வ, அதை அடுத்தது கவ்வ, வரிசையாகப் போகும். பார்த்தால் மருந்து வைக்க மனசு வராது.

அணிலுக்கு வருவோம். தமிழ்நாட்டு அணிலின் முதுகில் மூன்று கோடு. இங்கே சிங்கப்பூரில் பரவலாகக் காணும் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. விலாவில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பட்டை, வயிறு செங்காவி. புக்கிட் தீமா பக்கம் காட்டோரம் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: வால் புசுபுசுவென்று அணிலுடையது மாதிரி, மூக்கு மட்டும் நீளம், தோளில் வெளிறிய கீற்று. அது மர மூஞ்சூறு, பகலில் நடமாடும்.

இரவில் வருபவை ஆளைக் காட்டாமல் தடயம் விட்டுப் போகும். கார் நிறுத்துமிடத்தில் பழச்சக்கையும் சாற்றுக் கறையும் கிடந்தால், மேலே பழந்தின்னி வௌவால் தொங்கியிருக்கும். கூரையில் தடதடவென்று ஓட்டம், மதில்மேல் கொட்டை கொட்டையாக எச்சம் என்றால் மரநாய். சிக்லாப், ஓப்பரா எஸ்டேட் தரைவீட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல.

பாவமென்று வாழைப்பழம் வைத்துவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி, தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். சீலிங்குக்கு மேல் மரநாய் குட்டி போட்டிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், வால் எவ்வளவு நீளம், மூக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் அவர்களுக்கு வேலை சுலபம்.