டேலி புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

அன்புடையீர்,

எண்ணெய் வயலில் உழைத்து ஓய்வுபெற்றவர் மறைந்தால், "கடும் உழைப்பாளி, குடும்பத்தைக் காத்தவர்" என்று சொல்லி இரங்கலை முடித்துவிடுகிறோம். உண்மைதான். ஆனால் இரவெல்லாம் அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அதில் தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவர் பைப் கணக்கைக் குறித்துவைத்த நோட்டுதான் டேலி புத்தகம்.

கிணறு தோண்ட இறக்கும் இரும்புக் குழாயான டிரில் பைப் ஒன்று ஏறத்தாழ 30 அடி. மூன்று சேர்ந்தால் ஒரு ஸ்டாண்ட். 9,000 அடிக் கிணற்றில், அடியில் பாறையைக் குடையும் முனையான பிட் தேய்ந்துவிட்டால் சுமார் 100 ஸ்டாண்டை மேலே இழுத்து, பிட்டை மாற்றி, அத்தனையையும் திரும்ப இறக்க வேண்டும். இழுக்கும்போதுதான் கண் கூர்மையாக இருக்க வேண்டும். வெளியே வரும் இரும்பு விட்ட இடத்தை, மட் என்னும் கனமான சேற்றுக் குழம்பை ஊற்றி நிரப்ப வேண்டும். வழக்கமான 5 அங்குல பைப்புக்கு, ஸ்டாண்டுக்குச் சுமார் 110 லிட்டர்; ஐந்துக்கு 550. கிணறு 400 லிட்டர்தான் வாங்கியது என்றால்? மீதி 150 லிட்டர் அளவுக்குப் பாறையிலிருந்து எண்ணெயோ வாயுவோ நீரோ உள்ளே புகுந்துவிட்டது! அவசரமாக இழுத்தால் பிட், ஊசிக்குழாயின் தண்டைப் போல் உறிஞ்சிவிடும். உடனே நிறுத்தி, மட் தானாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். வழிந்தால், கிணற்றின் வாயை அடைக்கும் பெரிய வால்வான பி.ஓ.பி.யை மூட வேண்டும். வழியாவிட்டால் பைப்பை அடிவரை இறக்கி, மட்டைச் சுற்றவிட்டு, புகுந்ததை வெளியேற்ற வேண்டும். 1901-இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் கிணறு பீறிட்டு ஒன்பது நாள் அடங்காமல் கிடந்தது. அப்படி நடக்காமல் காப்பது இந்தக் கணக்குதான்.

இப்படி 12 மணி நேர ஷிஃப்ட், தொடர்ந்து 14 நாளோ 28 நாளோ. அத்தனை நாளும் வீட்டைத் தனியாகத் தாங்கியவர் மனைவி. அவரையும் இந்த மேடை வணங்க வேண்டும்.

இன்னும் நம்மோடு இருப்பவர்களுக்காக ஒன்று. எஞ்சின் இரைச்சல் முதலில் கெடுப்பது மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனை. பேரப்பிள்ளை கூப்பிட்டுத் தாத்தா திரும்பவில்லை என்றால் அது அலட்சியம் அல்ல. கத்தாதீர்கள், முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.

அவர் பெட்டியில் கறை படிந்த சின்ன நோட்டு இருந்தால், அது டேலி புத்தகமாக இருக்கலாம். பைப் எண், நீளம், கூட்டுத்தொகை என்று வரிசையாகப் போகும். ஒரு பைப் விடுபட்டாலும் ஆழம் 30 அடி தவறும். கிணற்றுச் சுவரைத் தாங்கும் கேஸிங் குழாய் தவறான இடத்தில் நின்றுவிடும். அதனால்தான் அவர் எழுதிய எண்கள் அவ்வளவு தெளிவாக இருக்கும். அதைக் குப்பையில் சேர்த்துவிடாதீர்கள். அவர் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் ஒரு பக்கத்தையாவது கூட்டிப் பார்க்கட்டும்.